உடன்படுதலும் இம்சையே

தன்பால் ஈர்ப்புடையோரைச் சமயப்பற்றாளர் சிலர் துன்புறுத்துவதுண்டு. அப்பழி சமய போதனையையும் சாருமோ?

இம்சையாவது தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என மூவகைத்து. இவை மனம், மொழி, மெய்களால் ஒன்பதாகும். ஆதலின் கை ஓங்கியவன் மட்டுமன்றி, வெறுப்பை ஊட்டிய உபதேசியும், கேட்டு மகிழ்ந்தவனும் வினைக்கட்டு எய்துவர்.

நம் ஆகமங்கள் ஸ்திரீ, புருஷ, நபும்சக வேதங்கள் மூன்றையும் மோகனீய கருமத்துள் அடக்கின. உடற்குறி வேறு, உள்ள வேட்கை வேறு எனவும் வகுத்தன. மூன்றும் வினையே எனின், ஒருவரை ஒருவர் இகழ இடமேது? நபும்சகர்க்குத் தீட்சை மறுத்த விதியும் நூல்களில் உண்டு. அதனை மறைத்தல் வாய்மையன்று. அதனைக் காட்டி ஒருவரை வருத்துதல் அறமுமன்று.

பெற்றோர்க்கு அஞ்சி மதுரையினின்று சென்னை சென்ற பெண்கள் இருவரின் வழக்கில், பாலீர்ப்பை 'மாற்றும்' மருத்துவ முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை செய்தது. அவ்வச்சம் வீட்டினுள்ளே பிறந்தது என்பதை நாம் எண்ணுதல் வேண்டும்.

பண்டைத் தகடூராகிய தருமபுரியில் சமணப் பசதிக்கு ஊர் கொடையளித்த செய்தியை 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறும். நால்வகைத் தானங்களுள் அபயதானமும் ஒன்று. அதனை நம் மனையில் அஞ்சி நிற்கும் பிள்ளைக்கு முதற்கண் அளிப்போமாக.