தோல் வந்த வழி

திருப்பூர் வட்டாரத்தில் நம் சகோதரர்களில் பலருக்குப் பனியன் தொழிலே பிழைப்பு. நூல் எந்த மில்லிலிருந்து வந்தது, துணி எந்தச் சாயப்பட்டறைக்குப் போனது என்று லாட் நம்பர் போட்டுக் கணக்கு எழுதுகிறார்கள். அதே ஆடையில் வைத்துத் தைக்கும் தோல் பட்டை எந்தப் பிராணியுடையது என்று கேட்டால் மட்டும், "கடையில் வாங்கியது" என்ற பதிலே வருகிறது. மார்க்கம் இங்கு மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது.

முதலாவது: எந்தப் பிராணி? பன்றித் தோல், பதனிட்டாலும் சுத்தமாகாது. இதில் ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபினரும் ஒன்றுபட்டவர்கள். நாய்த் தோலும் அவ்வாறே என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். காலணி, கைப்பைகளின் உட்புறத்தில் பன்றித் தோல் வைத்துத் தைப்பது வெளிநாடுகளில் வழக்கம். "அசல் தோல்" என்ற முத்திரை பிராணியின் பெயரைச் சொல்லாது.

இரண்டாவது: எவ்வாறு பதனிடப்பட்டது? அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு செத்துவிட்டது. அதன் தோலையேனும் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உண்பதே ஹராம் என்றும் விளக்கினார்கள். எனவே முறைப்படி அறுத்த ஆடு, மாட்டின் தோல் தானாகவே சுத்தமானது. செத்ததன் தோல் பதனிட்ட பிறகே சுத்தமாகும். உப்பிட்டு வெயிலில் உலர்த்துவது ஷாபிஈ மத்ஹபில் போதாது. துவர்ப்புள்ள பொருளால் அழுக்கும் துர்நாற்றமும் நீங்கப் பதனிட வேண்டும். நம் நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இதற்கே பயன்பட்டன.

மூன்றாவது: கழிவு நீர் எங்கே போயிற்று? வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் நட்டஈடு தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட ஆலைகள் உட்பட ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம். நொய்யலின் நிலையையும் 2011இல் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் கண்ட திருப்பூர் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோல் சுத்தமாகி, அண்டை வீட்டான் கிணறு கெட்டுப்போனால், அங்கே பிறர் உரிமை மீறப்பட்டுவிட்டது. தோலின் சுத்தம் அந்தக் கடனை அடைக்காது.

இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள செருப்பையெல்லாம் வெளியே எறிய வேண்டாம். வெறும் சந்தேகம் ஒரு பொருளை நஜீஸாக்காது. வாங்குபவர் கேட்டறிந்தால் போதும். வியாபாரியின் நிலை வேறு. தெரிந்த குறையை மறைத்து விற்பது மோசடி. நனைந்த தானியத்தை உள்ளே மறைத்து வைத்தவரை நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவிலேயே கண்டித்தார்கள். ஆகவே தோல் வாங்கும்போது பிராணியின் பெயரையும் பதனிட்ட ஆலையின் பெயரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கேட்பவருக்கு மறைக்காமல் காட்டுங்கள்.

நமது சம்பாத்தியத்தை அல்லாஹ் ஹலாலாக்கி வைப்பானாக! ஆமீன்.