அணு உலைக்குள் காலடி வைக்கப்போகும் பிள்ளைகளுக்கு

பொறியியல் படித்துவிட்டு நோர்வேயின் ஹால்டனிலும் ஷெல்லரிலும் பழைய அணு உலைகளைக் கழற்றும் வேலைக்குப் போகலாமா, இல்லை சுவீடனின் மின் நிலையங்களுக்கே போய்விடலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் ஒஸ்லோவில் எங்கள் ஹவுகெட்டோப் பக்கத்திலும் இப்போது இருக்கிறார்கள். நான் அணு விஞ்ஞானி இல்லை. ஆலைகளில் அளவுக் கருவிகளைப் பராமரித்து, இரவு முறை வேலை செய்து ஓய்வுபெற்றவன். வால்வும் அலாரமும் மேலதிகாரியின் முகமும் எந்த ஆலையிலும் ஒரே மாதிரித்தான் என்ற துணிவில் எழுதுகிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஹால்டனைப் படியுங்கள். எங்கள் ஹவுகெட்டோ நிலையத்தைக் கடந்து போகிற பழைய ரயில் பாதை தெற்கே அந்த ஊர் வரைக்கும் போகிறது. ஊருக்கு நடுவே, திஸ்தா ஆற்றங்கரையில், மலைப்பாறையைக் குடைந்து வைத்த உலை அது. 1959 இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் தயாரிக்க அல்ல, எரிபொருளைச் சோதிக்க. அதன் நீராவி பக்கத்துக் காகித ஆலைக்குப் போனது.

2016 ஒக்டோபர் 24, திங்கட்கிழமை மதியத்துக்குப் பிறகு, சேதமான சோதனை எரிபொருளைக் கையாளும்போது கதிரியக்க அயடின் உலை மண்டபத்துக்குள் கசிந்தது. ஆட்கள் வெளியேறினார்கள். வெளியே போன அளவு சிறியது. ஊராருக்கு ஆபத்து இல்லை. ஆனால் கண்காணிப்பு அதிகாரிகளுக்குச் செய்தி போனது மறுநாள் காலையில். உலையை நடத்திய சக்தித் தொழில்நுட்ப நிறுவகத்தை அவர்கள் கண்டித்ததற்கு முக்கிய காரணம் அந்தத் தாமதம்தான். எரிபொருள் சேதமாகும், எந்த உலையிலும் நடக்கும். ஓர் இரவு முழுக்கச் செய்தி வாசலைத் தாண்டாமல் இருந்ததற்கு எந்தப் பௌதிக விதியும் காரணம் இல்லை. "முதலில் என்ன நடந்தது என்று தெளிவாகத் தெரியட்டும், பிறகு சொல்லுவம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், தெரிந்ததை மட்டும் சொல்லி உடனே அறிவியுங்கள். மிச்சத்தைப் பிறகு சேர்க்கலாம்.

2. மூடுவது தோல்வி அல்ல. 2018 மார்ச்சில் ஒரு பாதுகாப்பு வால்வுப் பழுதால் ஹால்டன் உலை நிறுத்தப்பட்டது. ஜூனில் நிரந்தரமாக மூட முடிவெடுத்தார்கள். அதே வருட முடிவில் ஷெல்லரில் இருந்த ஜீப் 2 உலையில் அரிப்பைக் கண்டார்கள். 2019 ஏப்ரலில் அதுவும் முடிந்தது. பழைய இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காததற்காக நான் அவர்களைப் பாராட்டுகிறேன்.

3. இலக்கத்தைத் திருத்தாதீர்கள். ஹால்டனின் சோதனை முடிவுகளை நம்பி எத்தனையோ நாடுகள் தங்கள் எரிபொருளை மதிப்பிட்டன. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் செய்த சில சோதனைகளில் தரவுகள் மாற்றப்பட்டிருந்தன என்பதை அந்த நிறுவகமே உள்ளக விசாரணையில் கண்டுபிடித்து, 2020 இல் வெளியே சொன்னது. அரை நூற்றாண்டு சேர்த்த நல்ல பெயரில் விழுந்த அடி. வாடிக்கையாளருக்குப் பிடிக்காத அளவீடும் அளவீடுதான்.

4. கட்டுப்பாட்டு மேசையில் எரிகிற விளக்கு வால்வின் நிலையைச் சொல்கிறதா, வால்வுக்கு அனுப்பிய கட்டளையைச் சொல்கிறதா என்று கேளுங்கள். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. மூடச் சொல்லி மின்கட்டளை போயிற்று என்பதை மட்டுமே விளக்கு காட்டியது. வால்வு மூடிவிட்டது என்று அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நீர் ஆவியாகி வெளியே போய்க்கொண்டிருக்க, நீர் மட்டக் கருவியோ தொட்டி நிரம்புவதாகக் காட்டியது. அதை நம்பி அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். உலையின் மையத்தில் பாதியளவு உருகியது. நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள் ஒரே நேரத்தில் அடித்தால் எந்த மனிதனுக்குத்தான் மூளை வேலை செய்யும்? அந்த விபத்துக்குப் பிறகுதான் கட்டுப்பாட்டறையில் இருக்கும் மனிதனை ஆராய்வது தனித்துறையாக வளர்ந்தது. அதில் பேர் பெற்ற ஆய்வுகூடங்களில் ஒன்று, 1983 இல் தொடங்கியது, ஹால்டனில்தான் இருக்கிறது. உலை போய்விட்டது, அந்த வேலை போகவில்லை. மனோதத்துவம் படிக்கும் பிள்ளைகளும் இதைக் கவனியுங்கள்.

5. நான் வேலை செய்த ஒரு ஆலையில், ஓயாமல் அடிக்கிறது என்று அலாரத்தின் வாயில் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். அடிக்கடி அடிக்கிற அலாரத்தைத் திருத்தக் கேட்டு எழுதுங்கள். எழுதியதன் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஒரே வேலைக்கு இரண்டு கேபிள் இருக்கிறது என்று சொன்னால் இரண்டும் எந்த வழியாகப் போகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். வரைபடத்தில் பார்த்தால் போதாது.

உத்தரப் பிரதேசத்து நரோராவில் 1993 மார்ச் 31 அதிகாலை, விசையாழியின் தகடு முறிந்தது, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மாற்று மின்வழிக் கேபிள்கள் இருந்தன. ஆனால் முதல் கேபிள்கள் போன பாதையிலேயே, நடுவில் தீத்தடுப்பு இல்லாமல். எல்லாம் சேர்ந்து எரிய, நிலையம் 17 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. ஊழியர்கள் டோர்ச் வெளிச்சத்தில் உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, கையால் வால்வைத் திறந்து போரான் கரைசலை உள்ளே விட்டார்கள், அணுப்பிளவு மறுபடி தலைதூக்காமல் இருக்க. தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்புகள் குளிர்நீர் கொடுத்தன. அந்த மனிதர்களுக்கு நாடு சிலை வைத்திருக்க வேண்டும். கேபிள் போட்டவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும், 1975 இல் அமெரிக்காவின் பிரவுண்ஸ் ஃபெரியில் காற்றுக் கசிவைத் தேட மெழுகுதிரி பிடித்த ஒரு சம்பவம் கேபிள்களை எரித்து, இதே பாடத்தை உலகத்துக்குச் சொல்லி 18 வருடம் ஆகியிருந்தது.

வளர்ந்த நாடுகளில் இப்படி நடக்காது என்று நினைக்காதீர்கள். 2006 ஜூலை 25 அன்று சுவீடனின் ஃபோர்ஸ்மார்க்கில் வெளி மின்கட்டமைப்பில் ஏற்பட்ட ஒரு கோளாறு, நான்கு அவசர மின்வழிகளில் இரண்டைச் செயலிழக்கச் செய்தது. நான்கும் ஒரே வகைக் கருவி. இரண்டு தப்பியதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு.

7. பழகிப்போன அழுக்கைப் பயத்தோடு பாருங்கள். ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் காற்று வடிகட்டிகள் துருப்பொடியால் அடிக்கடி அடைபட்டன. அடைபடும்போதெல்லாம் மாற்றினார்கள். துரு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை யாரும் முடிவு வரை கொண்டுபோகவில்லை. 2002 மார்ச்சில் பார்த்தபோது, கசிந்த போரிக் அமிலம் உலைக் கலத்தின் மூடியைத் தின்றிருந்தது. சுமார் 17 சென்டிமீற்றர் தடிப்பான எஃகு முழுவதும் ஓரிடத்தில் போய், ஒரு சென்டிமீற்றருக்கும் குறைந்த உள்பூச்சுத் தகடு மட்டும் அழுத்தத்தைத் தாங்கி நின்றது. 2001 முடிவுக்குள் சோதனை நடக்க வேண்டும் என்று இருந்த கண்காணிப்பு ஆணையம், நிறுவனம் கேட்டதற்காகச் சில வாரம் தவணை கொடுத்திருந்தது. எனக்கு இதில் கம்பனியைவிட ஆணையத்தின் மேல்தான் கோபம்.

8. கண்காணிப்பவருக்குச் சம்பளமும் பதவியும் யார் கொடுக்கிறார் என்று பாருங்கள். இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 இல் அமைந்தது. அது பதில் சொல்ல வேண்டியிருந்த அணுசக்தி ஆணையத்தின் தலைவரே, உலைகளை நடத்தும் துறைக்கும் செயலாளராக இருந்தார். 1995 இல் வாரியமே 130 பாதுகாப்புக் குறைகளைப் பட்டியல் போட்டது. அப்போது தலைவராக இருந்த கோபாலகிருஷ்ணன் பின்னாளில் இந்த அமைப்பு முறையையே வெளிப்படையாக விமர்சித்தார். 2000 இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்கள் வாரியத்தின் பார்வையில் இருந்தே விலக்கப்பட்டன. மூன்று வருடம் போகவில்லை: 2003 ஜனவரியில் கல்பாக்கம் எரிபொருள் மறுசெயலாக்க ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, குறைந்த கதிர்வீச்சுக் கழிவு என்று நினைத்து மாதிரி எடுக்கப்போன இடத்தில் கடும் கதிர்வீச்சு இருந்தது. ஆறு ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்த இடத்தில் எச்சரிக்கும் கருவி இல்லை. வெளியுலகுக்குச் சரியாகத் தெரிய மாதங்கள் ஆயின. வாரியத்துக்குச் சுதந்திரம் போதாது என்று 2012 இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதினார்.

2019 இல் கூடங்குளத்திலும் ஒரு நாள் மறுப்பு, மறுநாள் ஒப்புதல். நிர்வாகக் கணினியில் தீநிரல் புகுந்த கதை அது. உலைக் கட்டுப்பாட்டை அது தொடவில்லை என்றார்கள். முதல் நாள் மறுத்தவர் சொல்வதை மறுநாள் ஊர் எப்படி நம்பும்?

9. நல்லதையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் மின் நிலையத்தின் கடல்நீர் பம்புக் கூடம் நீரில் மூழ்கியது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை இயக்குநர்கள் உடனே நிறுத்தினார்கள். மாற்று வழியில் குளிர்நீர் கிடைத்தது. எங்கள் கரைகளில் அன்று நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்த நிதானத்தின் பெறுமதி தெரியும்.

10. கதிர் அளவு அட்டையை ஒருநாளும் லொக்கரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் ஒப்பந்தக்காரரின் அட்டையையும் பாருங்கள்.

11. நோர்வேயின் வேலைச் சூழல் சட்டத்தில், குறையைச் சொன்ன ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஊரில் எங்களுக்கு இல்லாத கவசம் அது. "பெரியவர்கள் இருக்கும்போது நான் எப்படிச் சொல்வது" என்ற எங்கள் வீட்டுப் பழக்கத்தை உலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

12. உலைகள் நின்றுவிட்டன என்பதற்காக வேலை முடிந்துவிடவில்லை. பயன்படுத்திய அணு எரிபொருள் 16 தொன்னுக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி 1950, 60களின் உலோக யுரேனியம், நீண்ட காலம் அப்படியே வைத்திருக்கத் தக்கதல்ல. கழற்றிச் சுத்தம் செய்யப் பல பத்து வருடங்கள் ஆகும். 2018 இல் அதற்கென்றே அரச நிறுவனம் ஒன்று தொடங்கினார்கள். அங்கேயும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்குநரகத்திலும் எங்கள் பிள்ளைகளின் பெயர்களை நான் பார்க்க வேண்டும். விண்ணப்பியுங்கள்.