சைக்கிளுக்குக் கைப்பிடி நிறம் தேர்ந்தெடுக்க…

1990களின் தொடக்கத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அந்த மாவட்டத்தில் ஓடும் சைக்கிளுக்கு அழகும் வேண்டும், உறுதியும் வேண்டும்; கைப்பிடியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டையும் பாருங்கள்.

● ஃபிரேமின் நிறத்தோடு இன்னும் ஒரு நிறம் போதும். கைப்பிடி, சீட் கவர் இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் வண்டி எடுப்பாகத் தெரியும்.

● கறுப்பு ஃபிரேமுக்குச் சிவப்பு அல்லது மஞ்சள், நீலத்துக்கு ஆரஞ்சு அல்லது பழுப்பு, பச்சைக்குப் பழுப்பு, சிவப்புக்குக் கறுப்பு பொருந்தும். முடிவு செய்ய முடியவில்லையா? ஃபிரேமில் ஒட்டியுள்ள எழுத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

● செம்மண் பாதையில் போகிறவர்கள் கைப்பிடியில் சுற்றும் டேப்பில் வெள்ளையைத் தவிர்ப்பது நல்லது, சீக்கிரம் அழுக்கேறும். பழுப்பு, அரக்கு நிறங்களில் புழுதி தெரியாது.

● வண்டியை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் பளிச்சென்ற நிறங்கள் விரைவில் வெளுக்கும்.

● வளைந்த ஹேண்டில்பாரில் டேப்பை நுனியிலிருந்து தொடங்கி நடுப்பக்கமாக, ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கு மேலேறும்படி இழுத்துச் சுற்றுங்கள். கை அழுத்தத்தில் ஓரம் பிரியாது.

● ரப்பர் கைப்பிடி ஏறவில்லை என்றால் உள்ளே சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நன்றாகக் காய்ந்து இறுகிய பிறகே ஓட்ட வேண்டும்.

● மாலை டியூஷன் முடிந்து திரும்பும் பிள்ளைகளின் வண்டியில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என ஒளியைப் பிரதிபலிக்கும் ஸ்டிக்கரைக் கட்டாயம் ஒட்டுங்கள்.