சவர்க்கார நுரை எங்கே போகிறது?



போன மார்ச் மாத வரட்சியில் ஒரு தோட்டத்தில் மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் பெரிய வாய்த்தகராறு. மேல் லயத்துப் பெண்கள் ஓடைக்கல்லில் உடுப்புத் துவைக்கிறார்கள். அந்த நுரை அரை மணித்தியாலத்தில் கீழ் லயத்துப் பீலியில் வந்து விழுகிறது. கீழ்க்கணக்கு ஆட்கள் குடத்தோடு என்னிடம் வந்துவிட்டார்கள். மேலே போய் விசாரித்தால், ஒரு அம்மா சவர்க்காரம் சுற்றி வந்த கடதாசியை எடுத்து நீட்டுகிறார்.

"இந்தா பாருங்க ஐயா, தண்ணியில தானா சிதைஞ்சிரும்னு போட்டிருக்கான். பொறகு என்னா கரைச்சல்?"

எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அந்த அம்மா சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. அது கடதாசியில் இல்லை.

முதலில் சவர்க்காரம் என்றால் என்ன என்று பார்ப்போம். தேங்காயெண்ணெய், பாம் எண்ணெய், மாட்டுக் கொழுப்பு இவற்றில் எதையாவது காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சவர்க்காரம் கிடைக்கும். எண்ணெயில் இருப்பது கொழுப்பமிலம். காபன் அணுக்கள் மாலை மணி மாதிரி வரிசையாகக் கோர்த்த ஒரு சங்கிலி அது. தேங்காயெண்ணெயில் அதிகம் இருப்பது 12 காபன் உள்ள லோரிக் அமிலம். பாம் எண்ணெயில் 16 காபன் உள்ள பாமிற்றிக் அமிலம் நிறைய உண்டு.

தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் பக்டீரியாக்களுக்கு இது நல்ல சாப்பாடு. சங்கிலியின் ஒரு நுனியில் இருந்து இரண்டு இரண்டு காபனாக வெட்டி எடுக்கும். நாம் இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளுகிற மாதிரிதான். பதினாறு பதினாலாகும், பதினாலு பன்னிரண்டாகும், கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. காபனீரொட்சைட்டும் தண்ணீரும்தான் மீதி.

சங்கிலி நேராக இருந்தால் வேலை சுலபம். கிளை விட்டுப் பின்னிக் கிடந்தால் பக்டீரியாவுக்கு வெட்ட நுனி அகப்படாது. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படிக் கிளைச் சங்கிலி உள்ள சலவைத்தூள் வகைகள் வந்தன. ஆறுகளில் நுரை மலை மலையாக மிதந்தது. மேற்கு ஜேர்மனி 1961ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கக் கம்பனிகள் 1965 அளவில் நேர்ச் சங்கிலிச் சரக்குக்கு மாறின. எந்தச் சரக்கு சீக்கிரம் சிதையும் என்று அளந்து பார்க்கும் தேவை பெரிதானது இந்த நுரையால்தான்.

இப்போது உலகத்தில் அதிகம் கையாளப்படுவது ஓ.ஈ.சீ.டீ. என்ற நாடுகளின் அமைப்பு வகுத்த 301ஆம் இலக்கச் சோதனை. 1981ல் வந்தது, 1992ல் திருத்தினார்கள். அதில் பல முறைகள் உண்டு, 'மூடிய போத்தல்' முறை விளங்கிக்கொள்ள இலேசானது. சுத்தமான தண்ணீரில் சோதிக்க வேண்டிய பொருளை ஒரு லீற்றருக்குச் சில மில்லிகிராம் மட்டும் கலப்பார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து வெளியேறும் தண்ணீர் கொஞ்சம் விடுவார்கள், பக்டீரியாவுக்காக. போத்தலில் காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, 22 பாகை அளவு வெப்பத்தில் இருட்டில் வைப்பார்கள். பொருள் போடாத போத்தலும் பக்கத்தில் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க. சுலபமாகச் சிதையும் என்று முன்பே தெரிந்த ஒரு பொருளையும் இன்னொரு போத்தலில் போட்டு வைப்பார்கள். அது சிதையாவிட்டால் பக்டீரியாவில்தான் கோளாறு, சோதனை செல்லாது.

பக்டீரியா சாப்பிடச் சாப்பிட தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். எவ்வளவு குறைந்தது என்று நாள் வைத்து அளப்பார்கள். 28 நாளுக்குள், பொருள் முழுதும் சிதைய வேண்டிய ஒட்சிசனில் 60 வீதம் செலவாகியிருந்தால் 'சுலபமாகச் சிதையும்' என்று சான்று. 10 வீதத்தைத் தொட்ட நாளில் இருந்து பத்து நாளுக்குள் அந்த 60ஐ எட்டவும் வேண்டும். ஏன் 100 இல்லை என்று கேட்கலாம். சாப்பிட்டதில் ஒரு பங்கு பக்டீரியாவின் உடம்பாகவே சேர்ந்துவிடுகிறது.

நேர்ச் சங்கிலிக் கொழுப்பமிலங்கள் பொதுவாக இந்தச் சோதனையில் தேறிவிடும். நீளம் கூடினால் தண்ணீரில் கரையாமல் மெழுகுக் கட்டி மாதிரி நிற்கும். அப்போது பக்டீரியாவால் வெளிப்பக்கத்தை மட்டும்தான் கடிக்க முடியும், அதனால் தாமதமாகும். ஆய்வுகூடத்தில் அதை நுண்ணியதாகப் பரப்பிவிட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். சான்று சொல்வது 28 நாள். மேல் லயத்தில் இருந்து கீழ்ப் பீலிக்குத் தண்ணீர் இறங்குவது அரை மணித்தியாலம். இந்த இடைவெளியில் எந்தப் பக்டீரியாவும் ஒரு வாய் கூட ஒழுங்காகச் சாப்பிட்டிருக்காது. அதோடு போத்தல் வைப்பது 22 பாகை அளவில். நுவரெலியாப் பக்கம் வருடச் சராசரியே சுமார் 16 பாகைதான். குளிர் கூடினால் பக்டீரியாவும் சோம்பேறியாகிவிடும்.

அடுத்தது ஒட்சிசன். ஒரு கிராம் லோரிக் அமிலம் முழுதும் சிதைய ஏறக்குறைய 2.7 கிராம் ஒட்சிசன் வேண்டும். நம் ஓடைத் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 8 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராமுக்கு 340 லீற்றர் தண்ணீரின் மூச்சு போகிறது. ஒரு சலவையில் 50 கிராம் கரைந்தால் 17,000 லீற்றர்! ஓடை பாறையில் விழுந்து விழுந்து மறுபடி காற்றைப் பிடித்துக்கொள்ளும், அதனால் ஓடுகிற இடத்தில் அவ்வளவு பயமில்லை. தேங்கி நிற்கும் குட்டையில்தான் மீன் செத்து மிதக்கும்.

இதை நானே பார்த்தேன். துவைத்த தண்ணீரை ஒரு போத்தலில் விளிம்பு வரை நிரப்பி மூடி, அலுமாரிக்குள் வைத்தேன். பத்தாம் நாள் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். வீட்டம்மா போத்தலோடு என்னையும் வெளியே அனுப்பிவிட்டார். ஒட்சிசன் தீர்ந்த பிறகு வேறு வகைப் பக்டீரியா வேலை செய்வதன் வாடை அது.

இன்னொன்றும் உண்டு, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தச் சோதனை சவர்க்காரத்தை மட்டும்தான் அளக்கிறது. பிள்ளையின் பீத்துணி அலசிய தண்ணீரில் இருக்கும் வயிற்றோட்டக் கிருமியை அது அளப்பதே இல்லை. கடதாசியில் என்ன எழுதியிருந்தாலும் கீழ் லயத்துப் பிள்ளை குடிப்பது அதையும் சேர்த்துத்தான். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் குடியுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

நம் ஓடைகள் கீழ்ப் பீலியோடு நிற்பதும் இல்லை. நோர்வூட் பக்கத்து ஓடைகள் காசல்ரீக்கும், மஸ்கெலியாப் பக்கத்து ஓடைகள் மவுசாக்கலைக்கும் போய், பிறகு களனி கங்கையாகிக் கொழும்பு ஆட்களின் குழாயிலும் வருகின்றன. தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் கொத்மலை வழியாக மகாவலிக்குப் போகிறது.

தகராறு எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். இரண்டு கணக்குத் தலைவர்மாரும் உட்கார்ந்து பேசி, துவைக்கிற கல்லை ஓடையில் இருந்து முப்பது எட்டுத் தள்ளி மேட்டில் போட்டார்கள். கழுவிய தண்ணீர் ஒரு சின்னக் கானில் ஓடி, கல்லும் மண்ணும் போட்ட குழியில் ஊறுகிறது. மண்ணில் காற்றும் இருக்கிறது, பக்டீரியாவும் ஓடையை விடப் பல மடங்கு இருக்கிறது. சவர்க்காரம் அங்கேயே தங்கி, தன் நாளை எடுத்துக்கொண்டு சிதையட்டும். குழி ஓரம் நட்ட வாழை நன்றாகத்தான் நிற்கிறது. தண்ணீரை வாளியில் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறுவது பெண்களுக்குக் கூடுதல் வேலை, அதை மறைக்க முடியாது. குழாய் இழுத்துத் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம்.

கூட்டம் கலையும் நேரம் ஒரு ஆச்சி கேட்டார்: "அந்தக் காலத்துல பூந்திக்கொட்டை போட்டுத்தானே தொவைச்சோம், அதுல ஒண்ணும் இல்லியே?" அதுவும் ஓடைக்கு ஆகாது ஆச்சி. பூந்திக்கொட்டையில் நுரைக்கிற சரக்கு மீனுக்கு நஞ்சு. அதைக் கசக்கினாலும் மேட்டுக் கல்லில்தான் கசக்க வேண்டும்.