ஏழு டாலர் நோட்டு

கேள்வி: பிஜியில் ஏழு டாலர் நோட்டு இருக்கிறதாமே! ரக்பிக்கு அங்கே அத்தனை மவுசா?

பதில்: இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி இறுதியாட்டத்தில் பிரிட்டனை 43-7 என்று துவைத்தெடுத்தது பிஜி. ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் பதக்கமே தங்கம்! அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி அந்த நோட்டை வெளியிட்டது. அணிக்கு ஏழு பேர் என்பதால் ஏழு டாலர். விளையாட்டு அல்ல, செல்லுபடியாகும் பணம்தான்.

பிஜியின் மக்கள்தொகை சுமார் 9 லட்சம்தான்; ஆனால் ரக்பிக்கு அத்தனை மவுசு. பந்து இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாட்டிலை வைத்தே கிராமத்துப் பையன்கள் ஆடுவார்கள். திறமைசாலிகளைப் பிரான்ஸ், இங்கிலாந்து கிளப்புகள் கொத்திக்கொண்டு போகின்றன. அவர்கள் அனுப்பும் சம்பளத்தில் ஊரில் வீடு எழும்புகிறது, தம்பி தங்கைகள் படிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் இத்தகைய பணம், சுற்றுலாவோடு சேர்ந்து நாட்டைத் தாங்குகிறது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் இருந்தது சர்க்கரை.

அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் 1903 முதல் சென்னையிலிருந்து நம்மவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். 1926இல் அவர்கள் தொடங்கிய சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. ஆனால் இந்திய வம்சாவளியினருக்குப் பிடித்தது கால்பந்து; ரக்பி அணியில் பெரும்பாலும் பூர்வகுடிகளே. இனப் பிளவை விளையாட்டு அழித்துவிட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தங்கம் வென்ற அன்று மட்டும் எல்லாரும் தெருவில் ஒன்றாக ஆடினார்கள்.

டோக்கியோவிலும் தங்கம் பிஜிக்கே. 2024 பாரிஸில் பிரான்ஸிடம் தோற்று வெள்ளி.