கைவைத்தியமும் செல்லப்பிராணிகளும்

பினாங்குத் தீவின் தென்மேற்கு மாவட்டத்தில், மலைச்சரிவுகளும் வயல்களும் சூழ அமைந்துள்ள ஊர் பாலிக் புலாவ். டுரியானுக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் விளைகின்றன. ஜாதிக்காயின் சதைப்பகுதி ஊறுகாயாகவும் குளிர்பானமாகவும் மாறுகிறது. அதன் எண்ணெயையும் தைலத்தையும் மக்கள் உடல்வலிக்குத் தடவிக்கொள்கின்றனர். பல்வலி வந்தால் கிராம்பு எண்ணெயைத் தேடுகின்றனர். வீட்டில் உள்ளதைக் கொண்டே நோயைத் தணிக்கும் பழக்கம் நம்மிடையே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஆகவே, வீட்டுப் பூனை ஓயாமல் உடலைச் சொறியும்போது நம் கை தைலப் புட்டியை நாடுவது இயல்பே. ஆனால், மனிதருக்கு மருந்தாவது பூனைக்கும் மருந்தாகுமா?

ஆகாது என்பதே விடை. உடலுக்குள் செல்லும் பல வேதிப்பொருள்களைக் கல்லீரல் மாற்றியமைத்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. இதற்குத் துணைபுரியும் நொதிகளுள் ஒன்று பூனையின் உடலில் சரிவர இயங்குவதில்லை. அதனால், கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் போன்ற பொருள்கள் அதன் உடலில் தேங்கிக் கல்லீரலைக் கெடுக்கின்றன. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் நாயின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி நடுக்கத்தை உண்டாக்கும். மேலும், பூனை தன் உடலை நக்கித் தூய்மை செய்யும் விலங்கு. நாம் அதன் தோலில் தடவும் எதுவும் சிறிது நேரத்தில் அதன் வயிற்றுக்குள் சென்றுவிடும்.

அரிப்பு ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. முதலில் காரணத்தை அறிதல் வேண்டும். நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் தெள்ளுப்பூச்சிக்கு ஆண்டு முழுவதும் ஏற்றவை. பிராணியின் முடியைச் சீவும்போது உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். அவை செம்பழுப்பாகக் கரைந்தால், அவை இரத்தம் குடித்த தெள்ளுப்பூச்சியின் கழிவு. காதோரத்திலும் முழங்கையிலும் முடி உதிர்ந்து, தோல் தடித்து, கடும் அரிப்பு இருந்தால் அது கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியால் வரும் சொறியாக இருக்கலாம். வட்டவடிவில் முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சையால் வருவது, மனிதருக்கும் தொற்றும். பூனையின் மூக்கிலோ காதிலோ பாதத்திலோ ஆறாத புண் இருந்தால் அது ஸ்போரோடிரிகோசிஸ் என்னும் பூஞ்சை நோயாக இருக்கக்கூடும். மலேசியப் பூனைகளிடம் காணப்படும் இந்நோய், பூனை கீறினாலோ கடித்தாலோ மனிதருக்கும் பரவும். இதைக் குணப்படுத்தப் பல மாதங்கள் ஆகலாம்.

அப்படியானால் வீட்டில் நாம் எதுவுமே செய்யக்கூடாதா? செய்யலாம். தெள்ளுப்பூச்சிச் சீப்பால் நாள்தோறும் சீவி, சிக்கும் பூச்சிகளைச் சவர்க்கார நீரில் போட்டுக் கொல்லலாம். பிராணியின் உடலில் நாம் காணும் பூச்சிகள் சிறு பகுதியே. முட்டைகளும் புழுக்களும் அதன் படுக்கையிலும் தரைவிரிப்பிலும் மறைந்திருக்கும். எனவே, படுக்கைத் துணியை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். நாயின் அரிப்பைத் தணிக்க, நன்கு பொடித்த ஓட்ஸை வெதுவெதுப்பான நீரில் கலந்து, பத்து நிமிடம் உடலில் ஊற்றிப் பின்னர் அலசலாம். சிறு கீறல் ஏற்பட்டால், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து அந்நீரால் கழுவலாம். மனிதர் பயன்படுத்தும் ஷாம்பு நாயின் தோலுக்கு ஏற்றதன்று. ஏனெனில், நம் தோல் அமிலத்தன்மை மிகுந்தது. நாயின் தோலோ நடுநிலையை ஒட்டியது.

செய்யக்கூடாதவையும் உள. சொறிநாயின் உடலில் மண்ணெண்ணெயையோ வாகனத்தின் கழிவு எண்ணெயையோ பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது தோலைப் பொசுக்குவதோடு, நக்கப்படும்போது நஞ்சாகவும் மாறும். பூண்டு நாய், பூனை ஆகிய இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைக்கும். தேயிலை மர எண்ணெயும் இவற்றுக்கு நஞ்சே. நாய்க்கென விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனைக்கு இட்டால் வலிப்பு வந்து இறக்கவும் நேரிடும்.

இதனால் நம் முன்னோரின் மருத்துவ அறிவு பயனற்றது என்று எண்ணிவிடக்கூடாது. 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், மரபுவழி மூலிகை மருத்துவத்தை ஆராய்ந்து உழவர்களுக்குக் கற்பித்து வருகிறது. மாட்டின் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவும் முறை அவற்றுள் ஒன்று. ஆனால், அம்மருந்து மாட்டுக்கு உரியது. அதே எண்ணெயைப் பூனைக்குத் தடவினால் பூண்டும் அதன் வயிற்றுக்குள் போகும். எந்த மருந்து, எந்த உயிருக்கு, எந்த அளவில் என்று பிரித்தறிவதே மருத்துவ அறிவு.

இரண்டு மூன்று நாளில் அரிப்பு குறையாவிட்டாலோ, புண்ணில் சீழோ நாற்றமோ இருந்தாலோ, பிராணி உணவை மறுத்தாலோ காலந்தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். குட்டிகளுக்கு எந்த நோய் வந்தாலும் காத்திருத்தல் கூடாது. நோயுற்ற பிராணியைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் கட்டாயம். வளர்ப்பவர் தம் விலங்கை வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்பதை மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டமும் கடமையாக்கியுள்ளது.

நமக்குத் தலைவலி வந்தால் தைலம் எரிகிறது என்று சொல்லித் துடைத்துவிடுவோம். வாயில்லா உயிரால் அவ்வாறு சொல்ல இயலாது. அதன் உடலில் ஒரு துளி மருந்தை இடுமுன் அதற்காக நாம் சிந்திக்க வேண்டும். அன்புள்ள கை, அறிந்து தொடும் கையாகவும் இருத்தல் வேண்டும்.