வேளாஸ் கரைக்கு ஆமைக்குஞ்சு பார்க்கப் போகிறவர்களுக்கு

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் இருக்கிறது வேளாஸ் கிராமம். அங்கே போக நாள் குறிப்பது நாமல்ல, அந்தக் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமை என்ற கடலாமை. முட்டையிட்டதிலிருந்து ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். மணல் சூடாக இருந்தால் சீக்கிரம், குளிர்ந்திருந்தால் தாமதம். அதனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான பருவத்தில், எந்தக் கூடு எப்போது பொரியக்கூடும் என்று ஊர்க்காரர்களிடம் கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள். முட்டைகளை இடம் மாற்றிப் புதைத்து வைத்திருக்கும் பொரிப்பகத்தில், கூட்டின் மேல் கவிழ்த்த கூடையைக் காலையும் மாலையும் தூக்கிப் பார்ப்பார்கள். முதல் நாள் பிற்பகலில் சேர்ந்து இரண்டு இரவு தங்கினால் நான்கு வாய்ப்பு கிடைக்கும். கூட்டமில்லாத வாரநாளாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, தங்குமிடம். கிராமத்து வீட்டிலேயே தங்குங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு காலத்தில் இந்தக் கரையில் ஆமை முட்டைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். 2002இல் சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ர அமைப்பு ஊராருடன் சேர்ந்து பாதுகாப்பைத் தொடங்கியது. 2006இல் ஆமைத் திருவிழா வந்தது. பங்குனி ஆமையைக் காக்கும் சட்டம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் விடியுமுன் கரையில் நடந்து கூடு தேடுவதற்கு ஆள் வேண்டுமே! நீங்கள் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கொடுக்கும் பணம் அந்த வீடுகளுக்கே போவதால்தான், மணலுக்குள் இருக்கும் முட்டை ஊருக்கே வேண்டியதாகிறது. தூரத்து விடுதியில் தங்கி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்தக் கணக்கு அறுந்துபோகும்.

குஞ்சுகளைக் கடலுக்கு விடும்போது, கரையில் கட்டியிருக்கும் கயிற்றுக்கு இப்பால் நில்லுங்கள். டார்ச்சும் ஃப்ளாஷும் வேண்டாம். வெளிச்சமான பக்கத்தைக் கடலென்று நம்பித்தான் குஞ்சு ஊர்கிறது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்த உயிருக்கு நம் காலடித் தடமே ஒரு பள்ளம்: விழுந்து, துடுப்பால் மணலைத் தள்ளி, ஏறி, மறுபடியும் ஊரும். தூக்கிவிடக் கை நீளும். வேண்டாம்.

இவ்வளவு தூரம் வந்தும் குஞ்சைப் பார்க்காமல் திரும்புவதா, சிலவற்றைத் தொட்டியில் வைத்திருந்து காட்டக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கையின் தென்மேற்குக் கரையில் சில பொரிப்பகங்கள் அப்படித்தான் செய்தன. ஆனால் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் பலத்தில்தான் குஞ்சு முதல் நாள் ஓயாமல் நீந்தி ஆழ்கடலை எட்ட வேண்டும்; அந்தப் பலம் தொட்டிச் சுவரை முட்டியே தீர்ந்துவிடும். பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகாமல் முட்டைகளை ஆமை இட்ட கூட்டிலேயே விட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. நாயும் நரியும் மனிதனும் தோண்டாத கரையில் அதுவே சிறந்தது. தோண்டுகிற கரையில் சில மணி நேரத்துக்குள் பதமாக இடம் மாற்றத்தான் வேண்டும்.

காலையில் கூடைக்கடியில் ஒன்றுமில்லையென்றால் பக்கத்துப் பாணகோட் கோட்டையைப் பார்த்துவிட்டு, வெயில் சாய்வதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள்.